குளிரும் சினையும்: தமிழக மீன்வளர்ப்பு வரலாற்றில் வெப்பநிலையும் மரபணுவும்

ஆய்வுச்சுருக்கம்

மீன் தன் உடல்வெப்பத்தைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் உயிரி அன்று. நீரின் வெப்பமே அதன் உடல்வெப்பமாகும். ஆதலால் சினை பிடித்தல், முட்டையிடுதல், குஞ்சு பொரித்தல், பாலினம் அமைதல் ஆகிய அனைத்திலும் குளிருக்குப் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு ட்ரவுட் மீனைக் கொண்டுவரும் முயற்சி தொடங்கியது. அண்மைக் காலத்தில் மதுரைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உறைந்த மீனின் விந்திலிருந்து உயிர் மீட்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தமிழக மீன்வளர்ப்பு வரலாற்றை இக்கட்டுரை குளிர் என்னும் ஒற்றைக் காரணியைக் கொண்டு ஆராய்கிறது. அயல்மீன்கள் தமிழகத்தில் நிலைபெற்றமைக்கு ஆட்சியாளரின் விருப்பத்தைவிட அம்மீன்களின் மரபணுக்கள் குளிருக்கு அளித்த விடையே முதன்மையான காரணம் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நீலகிரி, அவலாஞ்சி, ட்ரவுட், சாதாக்கெண்டை, மும்மடியம், விந்து உறைவிப்பு, விழுப்புரம் ஏரிகள்

சமவெளி ஏரியும் குளிரும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஏரிகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நீர் நிறையும். கோடையில் பல ஏரிகள் தரை தெரிய வற்றும். விரால், குரவை, கெளுத்தி, அயிரை, சிறு கெண்டை வகைகள் ஆகிய இப்பகுதியின் இயல்மீன்கள் இவ்வாண்டுச் சுழற்சிக்குத் தம் இனப்பெருக்கத்தைப் பொருத்திக்கொண்டவை. புதுவெள்ளம் வரும்போது சில மீன்கள் எதிரேறிச் சென்று வயலிலும் வாய்க்காலிலும் முட்டையிடுவதை உழவர் நன்கறிவர். இங்கே இனப்பெருக்கத்தைத் தூண்டுவது மழை, நீரோட்டம், புதுநீரின் வேதித்தன்மை ஆகியவற்றின் கூட்டு. மழையோடு நீர் சற்றுக் குளிர்வதும் அக்கூட்டில் ஒன்று. எனினும் தனித்து நின்று ஆணையிடும் காரணியாகக் குளிர் இங்கு அமைவதில்லை.

மீன்பாசி குத்தகைக்கு விடப்படும் ஏரிகளில் நிலைமை சற்று வேறு. அங்கு வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் வட இந்திய ஆற்றுப் பெருமீன்கள். கட்லா மட்டும் தெற்கே கோதாவரி, கிருஷ்ணா வரை இயல்பாகப் பரவியிருந்தது. இவற்றின் இயற்கையான இனப்பெருக்கக் காலம் தென்மேற்குப் பருவமழைக் காலம். விழுப்புரத்து ஏரியோ அப்பருவம் கடந்து, பின்மழையில்தான் நிறைகிறது. நீர் நிறைந்த பின்னரே குஞ்சு விட இயலும் என்பதால், அக்குஞ்சுகளின் தொடக்க வளர்ச்சி மார்கழி, தை மாதங்களில், ஆண்டின் மிகக் குளிர்ந்த நீரில் நிகழ்கிறது. சமவெளிக் குளிர் மீனைக் கொல்லும் குளிர் அன்று. ஆயினும் அது வளர்ச்சியையும் அதன்வழிப் பருவமெய்துதலையும் தாழ்த்தும். இவ்வேரிகளில் எம்மீன் செழிக்கும், எது ஓராண்டுக்குள் சினைபிடித்து ஏரியையே குஞ்சுகளால் நிரப்பிவிடும் என்னும் கேள்விக்கு விடை காண மலைக்குச் செல்ல வேண்டும். தமிழகத்தில் குளிருக்கும் மீனின் இனப்பெருக்கத்துக்கும் உள்ள உறவு முதன்முதலில் சோதிக்கப்பட்ட களம் நீலகிரியே.

பனிக்கட்டியில் பயணித்த முட்டைகள்

சென்னை மாகாணப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை 1875 முதல் 1878 வரை பகுதிகளாக வெளியிட்டவர். அவர் 1863இல் இங்கிலாந்தின் ட்ரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். அத்தோல்விக்குப் பயணமே முதற்காரணம். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தாலும், எகிப்தைத் தரைவழியே கடந்து செங்கடலில் வந்தாலும், வெப்பமண்டலக் கடலைக் கடக்காமல் சென்னையை அடைய வழியில்லை.

அடுத்த ஆண்டிலேயே இச்சிக்கல் வேறோரிடத்தில் தீர்க்கப்பட்டது. ஜேம்ஸ் யூல் என்பார் இலண்டனில் வென்ஹாம் ஏரிப் பனிக்கட்டி நிறுவனத்தின் நிலவறைகளில் சால்மன் முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து வைத்துச் சோதித்தார். பனிக்கட்டியின் குளிரில் முட்டை இறக்கவில்லை. வளர்ச்சி மட்டும் மிகவும் தாழ்ந்தது. அம்முறையில் பொதியப்பட்ட ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சால்மன் முட்டைகளும் சில ஆயிரம் ட்ரவுட் முட்டைகளும் 1864இல் 'நார்போக்' கப்பலில் ஏறத்தாழ மூன்று மாதம் பயணித்து ஆஸ்திரேலியாவை அடைந்தன. டாஸ்மேனியாவில் மே மாதம் ட்ரவுட் குஞ்சுகள் பொரித்தன. சால்மன் அங்கு வேரூன்றவில்லை, ட்ரவுட் வேரூன்றியது.

சென்னை வாசகருக்கு இதில் ஓர் அணுக்கமான செய்தி உண்டு. பிரெடரிக் டியூடரின் வணிகத்துக்காக 1842இல் கடற்கரையில் எழுப்பப்பட்ட ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டப்பட்ட பனிக்கட்டியைச் சேமித்த இடம். இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுவே. வென்ஹாம் ஏரியும் அதே மாசசூசெட்ஸில்தான் உள்ளது. வெள்ளையர் குடித்த பானத்தைக் குளிர்விக்க வந்த பொருளே மீன்முட்டையின் காலத்தையும் நிறுத்தி வைக்க உதவியது. டே முயன்ற காலத்தில் சென்னையில் பனிக்கட்டி இருந்தது. ஆனால் முட்டையைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பலாம் என்ற அறிவு நிலைபெற்றிருக்கவில்லை.

குளிர் முட்டையின் காலத்தை எவ்வாறு நீட்டுகிறது என்பதை மீன்வளர்ப்போர் 'பாகை-நாள்' என்னும் கணக்கால் குறிப்பர். நாள்தோறும் நீரின் வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்தால், வானவில் ட்ரவுட்டின் முட்டை ஏறத்தாழ 300 முதல் 340 வரையான பாகை-நாளில் பொரிக்கும். 10 பாகை செல்சியஸ் நீரில் அது ஒரு மாதம்; 5 பாகையில் இரு மாதங்களுக்கும் மேல். இக்கணக்கு எல்லா வெப்பநிலைக்கும் நேர்கோட்டில் பொருந்துவதில்லை எனினும் நடைமுறைக்குப் போதுமானது. கருவுக்குக் கண்புள்ளி தோன்றிய பின் முட்டை அசைவைத் தாங்கும் வலிமை பெறுகிறது. எனவே நெடும்பயணத்துக்குக் கண்புள்ளி முட்டைகளையே தேர்ந்தெடுக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது.

அவலாஞ்சி: மூன்று நாட்டு முட்டைகள், ஒரு மலை

1907இல் பிரடெரிக் நிக்கல்சனின் பொறுப்பில் சென்னை மீன்வளப் பணியகம் உருவான காலத்திலேயே, உதகைக்கு மேற்கேயுள்ள அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. மாகாண அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராக இருந்த எச்.சி. வில்சன் 1909–10 காலத்தில் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வானவில் ட்ரவுட் முட்டைகளைத் தருவித்தார். இம்முறை மீன் நிலைபெற்றது. டே கொண்டுவர முயன்ற ஐரோப்பியப் பழுப்பு ட்ரவுட் காஷ்மீரில் 1900ஆம் ஆண்டையொட்டி வேரூன்றியது. நீலகிரியில் வேரூன்றியது வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட்.

ஆவணங்களைத் தேடும் ஆய்வாளர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். பழைய அறிக்கைகளில் இம்மீன் 'சால்மோ' பேரினத்தின்கீழ் வரும். 1989இல்தான் அது பசிபிக் சால்மன்களின் 'ஆன்கோரிங்கஸ்' பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பழுப்பு ட்ரவுட்டும் வானவில் ட்ரவுட்டும் ஒரே பேரினத்து இரு வகைகள் என்று எண்ணியே குடியேற்ற அரசின் அலுவலர் செயற்பட்டனர். மரபியல் அவ்விரண்டையும் வெகுதொலைவில் நிறுத்துகிறது.

மூன்று நாட்டு முட்டைகளைக் கலந்தமை மரபியல் நோக்கில் கவனத்துக்குரியது. நியூசிலாந்து தென்னரைக்கோளத்தைச் சேர்ந்தது. அங்குக் குளிர்காலம் ஆனி, ஆடி, ஆவணி. ஜெர்மனியில் மார்கழி, தை. ட்ரவுட்டுக்குப் பருவத்தை அறிவிக்கும் முதன்மைக் குறி பகற்பொழுதின் நீளம். வெப்பநிலை அதனைத் திருத்தும் துணைக் குறி. எந்நாளில் முட்டையிடுவது என்பதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு. முன்னதாக முட்டையிடும் பெண்மீன்களின் வழியினர் முன்னதாகவே முட்டையிடுவர் என்பது வளர்ப்பாளர் நெடுங்காலம் பயன்படுத்திவரும் உண்மை. இவ்வாறு வெவ்வேறு நாட்காட்டிகளை மரபணுவில் சுமந்த மீன்கள் 11 பாகை வடக்கிலுள்ள ஒரு மலையில் சந்தித்தன. அங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. ஜெர்மனியில் அது எட்டு மணி நேரத்தை எட்டும். பகல்நீளம் என்னும் குறி மங்கிய இடத்தில் குளிரே உரத்துப் பேசியிருக்க வேண்டும் எனக் கருதுதல் பொருந்தும். நீலகிரி ட்ரவுட் குளிர்பருவத்தையொட்டிச் சினையிடுவது இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

அக்காலத்தார் இதனை 'தட்பவெப்பத்துக்குப் பழக்குதல்' என்றனர். புதிய இடத்தில் சில தலைமுறை வாழ்ந்தால் உயிரி தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் என்பது அச்சொல்லின் உட்கிடை. நடந்தது அதுவன்று. ட்ரவுட்டை வெப்பநாட்டுக்குப் பழக்க ஒருவராலும் இயலவில்லை. வெப்பநாட்டில் ட்ரவுட்டுக்கு ஏற்ற குளிர் எங்கு உள்ளதோ அவ்விடத்தைத் தேடி மனிதர் ஏறினர். மலைக்கு ஏறிய ஆட்சியாளரும் அவ்வாறு குளிரைத் தேடிச் சென்றவர்களே.

சூலகத்துக்குள் வெப்பநிலை

ட்ரவுட்டுக்குக் குளிர் ஏன் இன்றியமையாதது? நீரில் உயிர்வளி குறையும் என்பது பழைய விடை. அது மெய்யே, ஆனால் முழுமையன்று. வளர்ந்த ட்ரவுட் 20 பாகையை அணுகும் நீரிலும் உயிர்வாழும். அதன் முட்டைகளோ அந்நீரில் பிழைப்பதில்லை. வாழும் எல்லைக்கும் ஈனும் எல்லைக்கும் இடையே அகன்ற இடைவெளி உள்ளது. மீன் கண்ணுக்குத் தெரிவதால் அவ்வினம் நலமாக உள்ளது என்று கொள்ளும் பிழை இவ்விடைவெளியிலேயே பிறக்கிறது.

அவ்விடைவெளியின் மரபணு விளக்கம் டாஸ்மேனியாவிலிருந்து வந்தது. 1864இல் பனிக்கட்டியில் சென்ற முட்டைகளால் வேரூன்றாத அட்லாண்டிக் சால்மன் பிற்காலத்தில் அங்குக் கூண்டுகளில் வளர்க்கப்பட்டது. கோடையில் நீர் சூடேறியபோது முட்டைகளின் தரம் வீழ்ந்தது. 14 பாகையிலும் 22 பாகையிலும் பெண்மீன்களை வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள் காரணத்தைப் படிப்படியாக அவிழ்த்தன. மூளை பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது; அச்சுரப்பியின் இயக்குநீர்கள் சூலகத்தைத் தூண்டுகின்றன; சூலகத்தில் அரோமடேஸ் என்னும் நொதி ஆண்மை இயக்குநீரை ஈஸ்ட்ரடையோலாக மாற்றுகிறது; ஈஸ்ட்ரடையோல் குருதிவழிக் கல்லீரலை அடைந்து, மஞ்சட்கருவின் மூலப்புரதமாகிய வைட்டெலோஜெனினையும் முட்டையுறைப் புரதங்களையும் ஆக்கும் மரபணுக்களை இயக்குகிறது. நீர் சூடேறும்போது அரோமடேஸ் மரபணுவின் வெளிப்பாடு குறைகிறது. அதன் பின்வரும் ஒவ்வொரு கண்ணியும் தளர்கிறது. முட்டை சிறுத்து, உறை நலிந்து, கருவுறும் விகிதம் வீழ்கிறது.

ஆதலால் ட்ரவுட், சால்மன் குடும்பத்துக்குக் குளிர் ஒரு தாங்கவேண்டிய இடர் அன்று. மரபணு இயங்குவதற்கான அனுமதி. அவலாஞ்சியின் நீர் ஆண்டின் சில மாதங்களேனும் அவ்வனுமதியை அளிக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. சமவெளியில் எத்துணைத் தூய நீரை, எத்துணை உயிர்வளியோடு அளித்திருப்பினும் இக்கண்ணி இயங்கியிராது.

இருவகைக் கெண்டை

1939இல் இலங்கையிலிருந்து உதகைக்கு மற்றோர் அயல்மீன் வந்தது: சாதாக்கெண்டையின் ஜெர்மானிய வகை. உடலெங்கும் செதிலுள்ளதும், பெருஞ்செதில்கள் சிலவற்றை மட்டும் கொண்ட கண்ணாடிக் கெண்டையும், ஏறத்தாழச் செதிலற்ற தோற்கெண்டையும் இதில் அடக்கம். நடுவண் ஐரோப்பாவின் மடாலயக் குளங்களில் நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்டுத் தெரிவுசெய்யப்பட்ட இனம் இது. செதில் அமைப்பை இரு மரபணுக்கள் முடிவு செய்கின்றன என்பதும், அவற்றுள் ஒன்றன் ஓங்கிய வடிவத்தை இருமடியாகப் பெற்ற கரு பொரிக்காது மாளும் என்பதும் சோவியத் மரபியலர் கிர்பிச்னிகோவின் பணியால் நன்கு அறியப்பட்டவை. கண்ணாடிக் கெண்டையின் செதிற்குறை எம்மரபணுவின் மாற்றத்தால் விளைந்தது என்பது 2009இல் மூலக்கூறு அளவில் உறுதியானது: நார்முன்செல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியை ஆக்கும் மரபணு அது. கெண்டையின் முன்னோரில் இம்மரபணு இரட்டித்திருந்தமையால் ஒரு படி பழுதுற்றும் மீன் பிழைத்தது.

உதகைக் கெண்டை 1947இல் குமாவோன் மலைக்குச் சென்றது. சமவெளியில் அது பெரும்புகழ் பெறவில்லை. சமவெளி ஏரிகளை நிரப்பியது 1957இல் கட்டாக்குக்கு வந்த பாங்காக் வகை. அதே 1957இல் ஜூலைத் திங்களில், ஹீராலால் சவுத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் ஒடிசாவின் அங்குலில் பிட்யூட்டரிச் சாற்றை ஊசிவழிச் செலுத்தி இந்தியப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தனர். விழுப்புரத்து ஏரிக்குத் தென்மேற்குப் பருவத்து மீன்களின் குஞ்சு கிடைப்பது அம்முறையின் பயனே. சாதாக்கெண்டைக்கோ அவ்வூசியும் தேவையில்லை; நீர்ச்செடி இருந்தால் தேங்கிய நீரிலேயே முட்டையிடும்.

ஒரே சிற்றினத்தின் இரு வகைகள் மலை, சமவெளி எனத் தாமே பிரிந்து நின்றமை தமிழக மீன்வளர்ப்பு வரலாற்றில் உரிய கவனம் பெறாத செய்தி. ஐரோப்பாவில் சாதாக்கெண்டை பருவமெய்த மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். தென்னிந்தியச் சமவெளியில் ஓராண்டுக்குள், சில வேளை ஆறு மாதத்திலேயே சினை பிடிக்கிறது. இங்கும் பாகை-நாள் கணக்கே இயங்குகிறது. முட்டைக்கு மட்டுமன்றிச் சூலகத்துக்கும் அது பொருந்தும். ஆனால் விரைந்த பருவம் வளர்ப்பாளருக்கு ஆதாயம் அன்று. உணவு தசையாகாது சினையாகிறது. சந்தை எடையை எட்டுமுன் மீன் முட்டையிட்டுவிடுகிறது. ஏரியில் குஞ்சு பெருகி எல்லாம் சிறுத்துப்போகின்றன. கர்நாடகத்தில் இச்சிக்கலை முன்னிட்டே தாமதமாகப் பருவமெய்தும் அமூர் கெண்டை ஹங்கேரியிலிருந்து தருவிக்கப்பட்டது. குளிர்நாட்டில் தெரிவுசெய்யப்பட்ட மரபணுவை வெப்பநாட்டு ஏரிக்கு ஒரு கடிவாளமாகப் பயன்படுத்துதல் இது. ஜிலேபிக் கெண்டையாகிய திலாப்பியாவிலும் இதே சிக்கல் உண்டு. 1952இல் இந்தியாவுக்கு வந்த அம்மீன் ஏறத்தாழ 20 பாகைக்குக் கீழ் ஈனுவதை நிறுத்தும். திண்டிவனத்துக்கு அருகேயுள்ள வீடூர் போன்ற நீர்த்தேக்கங்களில் நீர் அவ்வெல்லைக்குக் கீழ் நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே திலாப்பியாவைத் தடுக்கச் சமவெளியிடம் குளிர் என்னும் கருவி இல்லை.

கெண்டையைக் குளிர்விக்கும்போது அதன் மரபணுக்களில் நிகழ்வதை அளந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. 30 பாகையிலிருந்து 10 பாகை வரை படிப்படியாகக் குளிர்விக்கப்பட்ட கெண்டையில் 3000க்கு மேற்பட்ட மரபணுப் படிகளின் அளவு மாறியது. செல்லுறையின் கொழுப்பை இளகச் செய்யும் நிறைவுநீக்கி நொதியும் அவற்றுள் ஒன்று. அந்நொதி குளிரில் தூண்டப்படுவதை 1996இலேயே அதே ஆய்வுக்குழுவினர் காட்டியிருந்தனர். மூளை, செவுள், இதயம், குடல், சிறுநீரகம், கல்லீரல், தசை என ஏழு உறுப்புகள் ஆராயப்பட்டன. சூலகமும் விந்தகமும் அப்பட்டியலில் இல்லை. குளிரை 'உயிர்பிழைத்தல்' என்ற நோக்கில் மட்டுமே காணும் பார்வை அறிவியலிலும் எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதற்கு இது சான்று.

பாலினத்தைத் தீர்மானிக்கும் குளிர்

சில மீன்களில் குளிர் இன்னும் ஆழமாகச் செல்கிறது. அட்லாண்டிக் வெள்ளிப்பக்க மீனில் குஞ்சுப்பருவத்துக் குளிர்நீர் பெண்களை மிகுவிக்கும் என்பதைக் கோனோவரும் கைனார்டும் 1981இல் நிறுவினர். அர்ஜென்டினாவின் பெஹெர்ரேய் மீனில் 17 பாகையில் வளர்ந்தவை அனைத்தும் பெண். 29 பாகையில் அனைத்தும் ஆண். ஐரோப்பியக் கடற்கொடுவாவில் வெப்பம் அரோமடேஸ் மரபணுவின் முகப்பில் மெத்தில் குறிகளை ஏற்றி, அதன் வாயை அடைக்கிறது என்பது 2011இல் வெளியானது. மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை; அதன்மேல் இடப்படும் குறி மாறுகிறது. ட்ரவுட்டின் முட்டைத் தரத்தை முடிவு செய்த அதே அரோமடேஸ் இங்குப் பாலினத்தையே முடிவு செய்வது தற்செயல் அன்று. மீனின் இனப்பெருக்கத்தில் வெப்பநிலை நுழையும் வாயில்களுள் இந்நொதி தலையாயது.

குளிரதிர்ச்சியும் மும்மடியமும்

இதுவரை கூறப்பட்டவை இயற்கைக் குளிர். ஆய்வகம் குளிரை ஓர் உளியாகவும் பயன்படுத்தியது. இவ்வரலாற்றில் இந்தியருக்குத் தொடக்கத்திலேயே இடம் உண்டு. எச். ஸ்வரூப் மூன்றுமுள் மீனின் முட்டைகளுக்குக் குளிரதிர்ச்சியும் வெப்ப அதிர்ச்சியும் அளித்து மும்மடிய மீன்களை உருவாக்கியதை 1956இல் அறிவித்தார். விரிவான கட்டுரை 1959இல் 'ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ்' இதழில் வந்தது. ஹால்டேன் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்த பின் இங்கிருந்தே நடத்திய இதழ் அது.

இதன் இயக்கம் எளிது. மீன்முட்டை வெளிவரும்போது அதன் குன்றற்பிரிவு முடிவுறாது நிற்கிறது. விந்து நுழைந்த பின்னரே ஒரு தொகுதிக் குரோமோசோம்கள் துருவ உடலாக வெளியேறுகின்றன. அவ்வேளையில் முட்டையைத் திடீரெனக் குளிர்வித்தால், குரோமோசோம்களை இழுக்கும் கதிர்க்கோலின் நுண்குழல்கள் சிதைகின்றன; வெளியேற வேண்டிய தொகுதி உள்ளேயே தங்குகிறது. தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து ஒன்று என மூன்று தொகுதிகள் கொண்ட மீன் பிறக்கிறது. அது வளரும், ஈனாது. கெண்டை, திலாப்பியா முதலிய வெப்பநீர் மீன்களுக்குக் குளிரதிர்ச்சி பயன்தரும்; குளிர்நீரில் ஈனும் ட்ரவுட்டுக்கோ வெப்ப அதிர்ச்சியே சிறந்தது. குளிர் என்பது வெப்பமானியின் ஓர் எண் அன்று, ஒவ்வோர் இனமும் தன் மரபுக்கேற்ப வரையறுத்துக்கொண்ட எல்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

தமிழகத்தில் இத்துறையின் மையமாக மதுரை காமராசர் பல்கலைக்கழகம் திகழ்ந்தது. டி.ஜே. பாண்டியனும் அவர்தம் மாணவரும் 1980களின் இறுதியில் திலாப்பியாவில் மும்மடியத் தூண்டலை ஆராய்ந்தனர். ஆண் குஞ்சுகளை மட்டுமே ஈனவல்ல 'மீயாண்' திலாப்பியாவை வரதராஜும் பாண்டியனும் 1989இல் அறிவித்தனர். குத்தகை ஏரியில் திலாப்பியா கட்டுக்கடங்காது பெருகும் சிக்கலுக்கு மரபணு வழியில் தரப்பட்ட விடை அது.

உறைந்த மீனிலிருந்து

மதுரை ஆய்வுகளுள் குளிரோடு மிக நெருங்கியது மற்றொன்று. மீன் விந்தை உறையவைத்துக் காக்கும் முயற்சியை 1953இல் பிளாக்ஸ்டர் ஹெர்ரிங் மீனில் தொடங்கிவைத்தார். வசந்தத்தில் ஈனும் கூட்டத்தையும் இலையுதிர்காலத்தில் ஈனும் கூட்டத்தையும் கலக்க வேண்டியிருந்தமையே அவருடைய தேவை. காலத்தால் பிரிந்த இரு மரபுகளைக் குளிர் இணைத்தது. அதன்பின் உலகெங்கும் திரவ நைட்ரஜனின் −196 பாகையும் காப்புக் கரைசல்களும் வழக்காயின. லக்னோவில் இயங்கும் தேசிய மீன் மரபுவள அமைப்பும் அவ்வழியே செல்கிறது.

மதுரைக் குழுவினர் எளிய வினா ஒன்றை எழுப்பினர்: இறந்த மீனை முழுதாக −20 பாகையில், அதாவது வழக்கமான உறைபெட்டியின் குளிரில், வைத்திருந்தால் அதன் விந்து என்னாகும்? தேளி மீனில் அவ்வாறு காக்கப்பட்ட உடலிலிருந்து உயிருள்ள விந்தணுக்களைப் பெற இயலும் என்பதைக் கோட்டீஸ்வரனும் பாண்டியனும் 2002இல் வெளியிட்டனர். 2004இல் கிரண்குமாரும் பாண்டியனும் ஒரு படி மேலே சென்றனர். உறைந்த ரோசி பார்ப் மீனின் விந்தை, தாய்மரபு அழிக்கப்பட்ட டைகர் பார்ப் முட்டையில் செலுத்தி, ரோசி பார்ப் மீனை மீட்டனர். அத்தகைய விந்தணுவின் நீந்தும் திறன் குன்றினாலும் அது கடத்தும் டி.என்.ஏ. இயல்பானதே என்பதை டேவிட்டும் பாண்டியனும் 2006இல் காட்டினர். திரவ நைட்ரஜன் வசதியற்ற நாடுகளுக்கு இதன் பயன் பெரிது. இவ்வாய்வுகள் ஆங்கில இதழ்களில் மட்டுமே வாழ்கின்றன. தமிழில் அறிவியல் வரலாறு எழுதுவோர் இவற்றைத் தொடாமல் விட்டமை ஒரு குறை.

மலையுச்சியின் எல்லை

அவலாஞ்சியின் ட்ரவுட் இன்று ஒரு நூற்றாண்டைக் கடந்த கூட்டம். சிலமுறை வந்த முட்டைகளிலிருந்து பெருகிய கூட்டம் என்பதால் அதன் மரபுவேறுபாடு தொடக்கத்திலேயே குறுகியது. அதனைச் சூழ்ந்த குளிரும் குறுகியது. இமயத்தில் நீர் சூடேறினால் மீன் மேலேறிச் செல்ல ஓடைகள் உண்டு. நீலகிரியின் உச்சி 2637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா, அதற்குமேல் இடமில்லை. வளர்ந்த மீன் ஓடையில் நீந்திக்கொண்டிருக்கும்போதே அரோமடேஸ் கண்ணி தளர்ந்து இனம் முடியத் தொடங்கலாம். கணக்கெடுப்பில் அது தெரியவாராது. ஆகவே பொரிப்பகத்தில் ஆண்டுதோறும் பதிய வேண்டியவை மீன்களின் எண்ணிக்கை மட்டுமல்ல. முட்டையின் விட்டம், கண்புள்ளி நிலையை அடைந்த விழுக்காடு, சினையிடும் மாதத்தின் நீர்வெப்பம் ஆகியனவும் ஆகும்.

இம்மீனைக் காக்கத்தான் வேண்டுமா என்ற வினாவும் தவிர்க்கத்தக்கது அன்று. ட்ரவுட் ஊனுண்ணி; மேற்கு மலைத்தொடரின் ஓடைகளுக்கே உரிய சிறுமீன்களும் தவளைகளும் அதனை எதிர்கொள்ளும் மரபைப் பெற்றவை அல்ல. அயல்மீனின் வரலாற்றுப் பெருமைக்காக உள்நாட்டு மீனை விலையாகக் கொடுப்பதை இன்று எவரும் முன்மொழியமாட்டார். பொரிப்பகத்துக்குள் காத்தல் ஒன்று, ஓடையில் விடுதல் மற்றொன்று. 1909இல் இவ்விரண்டும் ஒன்றாகக் கருதப்பட்டன.

காப்பது என்று முடிவாயின், ஆண்வழி எளிது. விந்தை −196 பாகையில் நெடுங்காலம் வைக்கலாம். மதுரை முறையில் −20 பாகையிலும் சில காலம் வைக்கலாம். மீன்முட்டையோ உறைவிப்புக்கு இன்னும் வசப்படவில்லை. அதன் பருமனும், மிகுந்த மஞ்சட்கருவும், காப்புக் கரைசலை உட்செல்ல விடாத உறையும் தடையாக உள்ளன. விந்திலிருந்து மீனை மீட்டாலும், முட்டைவழி மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ. கடன்வாங்கிய முட்டைக்கு உரியதாகவே இருக்கும். இலங்கையும் ஜெர்மனியும் நியூசிலாந்தும் தந்த தாய்வழிகள் நீலகிரியில் எஞ்சியுள்ளனவெனில், அவை ஓடும் குளிர்நீரிலும் ஆண்டுதோறும் இடப்படும் முட்டைகளிலும் மட்டுமே உள்ளன.